கப்பல் டிராம் வண்டி இல்லை

போர்ட்ஸ்மத்,
14 ஜனவரி 1918

அன்புள்ள அண்ணன் ரூபனுக்கு வின்னி எழுதுவது.

இங்கே மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் குளிரோடு மல்லுக்கட்டுகிறது. வடக்கே உங்கள் பக்கம் இன்னும் மோசமான குளிராமே. மார்ச்சளியை வாங்கிக்கொள்ளாதே.

நீயும் லென்னும் கிறிஸ்துமஸுக்கு வந்துபோனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. அப்பாவுக்கு இன்னும் மனம் ஆறவில்லை. ஆயுசெல்லாம் கடற்படைப் பீரங்கியோடு குடித்தனம் நடத்தியவர். சின்ன மகன் அதே பீரங்கிக் கூண்டின் மேல் பலகையைப் பரப்பி, அதிலிருந்து விமானத்தைக் கிளப்புகிறான் என்பது அவருக்குக் கோயிலில் கோழி வளர்ப்பது மாதிரி இருக்கிறது. திரும்பி வந்து அந்தப் பலகையில் இறங்க முடியாது, கடலில்தான் விழவேண்டும் என்று லென் சொன்னதும் அவர் முகம் போன போக்கை நீயும் பார்த்தாய்.

நீ புறப்பட்ட பிறகு மறுபடி ஆரம்பித்தார். உப்புக் குப்பி, மிளகுக் குப்பி, கடுகு ஜாடி மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்தார்.

"போர் ஆரம்பிச்ச வருஷம் மூணு கப்பல் போச்சு, தெரியுமில்ல? முதல் கப்பலை நீர்மூழ்கி அடிச்சுது. ரெண்டாவது காப்பாத்த நின்னுது, அதுவும் போச்சு. மூணாவது நின்னுது, அதுவும் போச்சு. ஆயிரம் பேருக்கு மேல. அன்னிலேர்ந்து ஒரே சட்டம்தான். நீர்மூழ்கி இருக்கிற தண்ணில எந்தக் கப்பலும் நிக்காது."

"எனக்குன்னு ஒரு சின்னக் கப்பல் பின்னாடியே வரும்பா. கைய நீட்டினா நிக்கும்" என்றான் லென்.

"கப்பல் டிராம் வண்டி இல்லடா!"

அவன் கேட்டால்தானே. புட்டிங் தட்டோடு வந்த அம்மாவை, தெருமுனையில் டிராமை நிறுத்துவது போலக் கையை நீட்டி நிறுத்தி, ஒரு துண்டை வெட்டிக்கொண்டான். அம்மா சிரித்தாள். அப்பா கடுகு ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். மூவரின் அன்பும்.
வின்னி

*

கடலில்,
2 பிப்ரவரி 1918

அன்புள்ள வின்னி,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். அம்மாவின் முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு.

எங்கள் கடிதங்களை அதிகாரி ஒருவர் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். ஆகவே எழுத அதிகமில்லை. சாப்பாடு உப்புக் கருவாடு. கடல் கெட்டது. கோகோ பரவாயில்லை.

அப்பாவிடம் சொல், எங்கள் மாதிரிச் சின்ன நாசகாரிக் கப்பல்கள் நிற்கத்தான் செய்யும், கேப்டன் நிற்கச் சொன்னால். நான் சுக்கான் சக்கரத்தைப் பிடிப்பவன். சொன்ன பக்கம் திருப்புவது என் வேலை. பெரிய கப்பல்களுக்குக் காவலாக நாங்கள்தான் போகிறோம். லென் என்றைக்காவது எங்கள் பக்கம் விழுந்தால், "காலைத் துடைச்சிட்டு ஏறுங்க, ஐயா" என்று சொல்லக் காத்திருக்கிறேன். தம்பி அதிகாரி, நான் சாதா மாலுமி. சல்யூட் அடித்தே ஆகவேண்டும். அடித்துவிட்டுக் காதைத் திருகுவேன்.

எல்லோருக்கும் என் அன்பு.
ரூபன்

*

கடலில்,
3 மார்ச் 1918

என் வின்னி அக்காவுக்கு,

உயிரோடு, ஒன்றிரண்டு சிராய்ப்புகளோடு, நல்ல பசியோடு இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் எப்படி?

போன வாரம் முதல் முறையாகக் கடலில் விழுந்தேன். விழுவதுதான் திட்டம் என்பதால் இதற்கு விபத்து என்று பெயரில்லை. விமானம் மூக்கைத் தண்ணீரில் குத்திக்கொண்டு வாலைத் தூக்கும். நான் வாலில் ஏறி உட்கார்ந்து பச்சை வாணம் விடவேண்டும். சின்னக் கப்பல் வரும், படகை இறக்கும். கையை நீட்டினேன். டிராம் வந்தது! அப்பாவிடம் சொல்.

ஆனால் தண்ணீரின் குளிர் இருக்கிறதே, அது வேறு விஷயம். தோல் கோட்டு நனைந்ததும் என்னைக் கீழே இழுத்தது. கொஞ்சம் பயந்தேன், அக்கா. உன்னிடம்தான் சொல்கிறேன்.

ஒரு உதவி. உங்கள் தொழிற்சாலையில் ஊர்ப் பெண்களின் இடுப்பையெல்லாம் இறுக்கிப்பிடிக்கக் கச்சு தைக்கிறாயே, என்னைத் தண்ணீர் மேல் பிடித்துவைக்க ஒன்று தைத்துக்கொடேன். கோட்டுக்கு உள்ளே போட்டுக்கொள்ளும்படி. ரூபனுக்கு மட்டும் தெரியவே கூடாது. தம்பி பெண்கள் கச்சு போட்டுப் பறக்கிறான் என்று கிழவனாகும் வரை ஓட்டுவான்.

முத்தங்களுடன்,
லென்

*

போர்ட்ஸ்மத்,
20 மார்ச் 1918

அருமைத் தம்பி லென்னுக்கு,

நாங்கள் சுகம். நீ ஈரத்தோடு உட்காராதே.

பார்சலில் இருப்பது கையில்லாச் சட்டை. கச்சு தைக்கும் கெட்டித் துணியில் வரிசையாக அறை பிரித்து, மீன்வலையில் கட்டும் தக்கைகளை நறுக்கித் திணித்திருக்கிறேன். வெளியே போர்த்தியிருப்பது அம்மாவின் பழைய சிவப்பு ஃபிளானல் உள்பாவாடை. காணோம் காணோம் என்று தேடிக்கொண்டிருக்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு சிவப்பு எதற்கு என்று கேட்பாய். சாம்பல் நிறக் கடலில் சாம்பல் நிறத் தலை யார் கண்ணுக்குத் தெரியும்? விழுந்ததும் கோட்டைக் கழற்றிப் போட்டுவிடு. கோட்டு போனால் போகட்டும். சிவப்பு தெரியவேண்டும்.

ரூபனிடம் மூச்சு விடமாட்டேன்.
உன் அக்கா வின்னி

*

கடலில்,
5 ஏப்ரல் 1918

அக்கா,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

முதலில் அப்பாவை உட்காரவைத்துவிட்டு இதைப் படித்துக்காட்டு. ஞாயிறு இரவு கடற்படைக்காரனாகப் படுத்தேன். திங்கள் காலை விமானப்படைக்காரனாக எழுந்தேன். கடற்படையின் விமானங்களையும் தரைப்படையின் விமானங்களையும் ஒன்றாகச் சேர்த்துப் புதுப் படை பண்ணிவிட்டார்கள். அதே கப்பல், அதே பலகை, அதே கிழிந்த காலுறை. யாருக்கு சல்யூட் அடிப்பது என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

சட்டை பிரமாதம். நேற்று மறுபடி விழுந்தேன், பந்து மாதிரி மிதந்தேன். கோட்டைக் கழற்றியதும் படகுக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். "யாரு பாவாடைங்க, ஐயா?" என்றான் ஒருவன். "எங்கம்மாவுது" என்றேன். அதற்கப்புறம் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு சிகரெட் கொடுத்தேன், அதுதான் இங்கே டிராம் கட்டணம்.

அம்மாவிடம் வேறொரு பாவாடை வாங்கித் தருவேன் என்று சொல்லிவிடாதே, காரணம் கேட்பாள்.
லென்

*

போர்ட்ஸ்மத்,
11 ஜூன் 1918

அண்ணா,

நீ சுகமாக இருக்கவேண்டும். வேறு எப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

லென்னைக் காணவில்லை என்று தந்தி வந்தது. ஜெர்மன்காரனின் ஆகாயக் கப்பலைத் துரத்திப் போனவன் மூடுபனியில் வழி தவறிவிட்டான், விழுந்ததைப் பார்த்தவர் இல்லை, தேடியும் கிடைக்கவில்லை என்று அவன் கப்பல் அதிகாரி பிறகு எழுதியிருக்கிறார். நல்ல மனிதராகத் தெரிகிறார். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். அதில் ஒன்றுமே இல்லை.

உன் கப்பலும் அவர்களோடுதானே போகும்? யாராவது ஏதாவது சொன்னார்களா? கேட்டு எழுது. என்னவாக இருந்தாலும் எழுது.
வின்னி

*

கடலில்,
19 ஜூலை 1918

அன்புள்ள வின்னி,

நான் சுகம். அப்பா, அம்மாவின் உடல்நிலை எழுது.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கப்பலில் வேலை அதிகம். லென் விஷயம் தெரியும். அன்று மூடுபனி இருந்தது உண்மை. அந்த அதிகாரி எழுதியதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இந்த மாதம் விடுப்பு கொடுத்தார்கள். கல்யாணமானவன் ஒருவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டேன்.
ரூபன்

*

போர்ட்ஸ்மத்,
8 ஆகஸ்ட் 1918

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்பா நலம். அம்மா நடமாடுகிறாள். நீ விடுப்பை விட்டுக்கொடுத்தது அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கோபம், ரூபன். இந்த வீட்டுக்கு ஒரு மகனாவது வரவேண்டாமா?

விழுந்ததைப் பார்த்தவர் இல்லை என்ற அந்த ஒற்றை வரியைத்தான் அம்மா பிடித்துக்கொண்டிருக்கிறாள். "பாக்கலைன்னா விழலைன்னுதானே அர்த்தம்?" என்கிறாள். டச்சு மீன்பிடிப் படகு எதுவோ அவனை ஏற்றிக்கொண்டு ஹாலந்தில் விட்டிருக்கும், போரில் சேராத நாடு என்பதால் போர் முடியும்வரை அங்கே அடைத்துவைத்திருப்பார்கள், அதனால்தான் கடிதமில்லை என்பது அவள் கட்டிய கதை. தினமும் சாப்பாட்டு மேசையில் அவனுக்கும் தட்டு வைக்கிறாள். பிறகு டிராம் ஏறித் துறைமுக வாசலுக்குப் போய், இறங்கி வருகிற மாலுமிகளிடமெல்லாம் விசாரிக்கிறாள். அவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தரையைப் பார்க்கிறார்கள். மழை பெய்தாலும் போகிறாள். போன வாரம் நெஞ்சில் சளி கட்டி இரண்டு நாள் படுத்தாள். எழுந்ததும் திரும்பவும் டிராம்.

அப்பா அவளைத் தடுக்கவில்லை. உப்புக் குப்பியைக்கூட இப்போது தொடுவதில்லை.

உனக்கு எழுதும்போது ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னாள். "புறப்படும்போது குளிருக்குச் சரியா போட்டிருந்தானான்னு கேளு." உனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிப் பார்த்தேன். அவளைச் சமாதானப்படுத்தவாவது ஏதாவது எழுது.
வின்னி

*

கடலில்,
1 செப்டம்பர் 1918

அன்புள்ள வின்னி,

சுகம். இருமல் கொஞ்சம் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை.

அம்மாவிடம் சொல். குளிருக்கு நன்றாகத்தான் போட்டிருந்தான். உள்ளே கெட்டியான சிவப்பு ஃபிளானல் இருந்தது. அதைப் பற்றி அவள் கவலைப்படவேண்டாம்.

துறைமுகத்துக்குப் போகவேண்டாம் என்று சொல். மழையில் போகவேண்டாம்.
ரூபன்

*

போர்ட்ஸ்மத்,
15 செப்டம்பர் 1918

ரூபன்,

உன் இருமலுக்கு மருந்து சாப்பிடு.

கடிதத்தை அம்மாவிடம் காட்டவில்லை. "நல்லா போட்டிருந்தானாம்" என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை.

அந்தச் சிவப்பு ஃபிளானல் என் கையால் தைத்தது. கிறிஸ்துமஸுக்குப் பிறகு, மார்ச் மாதத்தில். அதன் பிறகு நீயும் அவனும் சந்திக்கவே இல்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தான். தோல் கோட்டுக்கு உள்ளே பொத்தான் போட்டு மூடியிருப்பான். தண்ணீரில் விழுந்து கோட்டைக் கழற்றினால்தான் அது வெளியே தெரியும். அன்று அதைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் அவனை உயிரோடு தண்ணீரில் பார்த்திருக்கிறார்.

கோபத்தில் எழுதவில்லை. எனக்கு ஒன்று மட்டும் சொல். அவன் உன்னைப் பார்த்தானா?
வின்னி

*

கடலில்,
22 நவம்பர் 1918

அன்புள்ள வின்னி,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும். ஊரெல்லாம் விஷக் காய்ச்சல் என்கிறார்கள், அம்மாவைக் கூட்டத்துக்குள் விடாதே.

இந்தக் கடிதத்தை அதிகாரி படிக்கவில்லை. விடுப்பில் போகிற ஒருவன் சட்டைக்குள் வைத்து எடுத்துப் போய்க் கரையில் போடுவான். போர் முடிந்துவிட்டது, பிடித்தாலும் தொங்கவிடமாட்டார்கள். நீ கேட்டது இரண்டு மாதமாக என் பையில் கிடக்கிறது.

அன்று லென் ஆகாயக் கப்பலைப் பிடிக்க முடியாமல் திரும்பி வந்தான். எங்களுக்கு முன்னால் அழகாக இறங்கினான். வாலில் ஏறி உட்கார்ந்து பச்சை வாணம் விட்டான். நாங்கள் அவனை நோக்கித் திரும்பிவிட்டோம். படகை இறக்க ஆட்கள் தயாராக நின்றார்கள். நான் சக்கரத்தைப் பிடித்து நின்றபடி சிரித்துக்கொண்டிருந்தேன். "காலைத் துடைச்சிட்டு ஏறுங்க, ஐயா" என்று சொல்ல வாயில் வைத்திருந்தேன்.

அப்போதுதான் மேலே காவல் இருந்தவன் கத்தினான். நீர்மூழ்கி தண்ணீருக்கு மேல் எட்டிப்பார்க்கும் குழாய் தெரிகிறது என்றான்.

"நேரா போ. முழு வேகம்" என்றார் கேப்டன்.

சக்கரம் பிடிப்பவன் உத்தரவைத் திருப்பிச் சொல்லியே ஆகவேண்டும், வின்னி. காதில் விழுந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. "நேரா போறேன், ஐயா" என்றேன். என் வாயால் சொன்னேன். அது என் தம்பி என்று கேப்டனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சக்கரத்தை வேறொருவன் கையில் கொடுத்திருப்பார், கப்பல் நின்றிருக்காது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தான். அந்தச் சிவப்பு வெகு தூரத்துக்குத் தெரிந்தது. நன்றாகத் தைத்திருக்கிறாய்.

பார்த்தானா என்று கேட்டாய். பார்த்தான். எங்கள் கப்பலின் மூக்கில் உள்ள எண் அவனுக்கு மனப்பாடம். என் கப்பல் என்று தெரிந்துதான் சிரித்தான். டிராமை நிறுத்துகிற மாதிரி கையை நீட்டினான். அவன் பல் தெரிகிற தூரத்தில் கடந்து போனோம். எங்கள் அலையில் விமானம் ஆடியது. நான் முன்னால் பார்த்தபடி நிற்கவேண்டியவன். ஆனால் திரும்பிப் பார்த்தேன். அப்போதும் கையை மடக்கவில்லை, நீட்டியபடியே இருந்தான். அதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. திரும்பி வந்து வெகுநேரம் தேடினோம். இறக்கைத் துணி கொஞ்சம் கிடைத்தது. அந்தத் தண்ணீரில் யாரும் அதிக நேரம் தாங்கமாட்டார்கள். இதை அம்மா நம்பவேண்டும்.

போரின்போது நாங்கள் நின்றோமா நிற்கவில்லையா என்பதை எழுதக்கூடாது என்று உத்தரவு, அதனால்தான் விழுந்ததைப் பார்த்தவர் இல்லை என்று அந்த அதிகாரி எழுதினார். நானும் அந்த உத்தரவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். உத்தரவு இல்லாவிட்டாலும் எழுதியிருப்பேனா, தெரியாது.

கடைசித் தாளில் இருப்பதை நீ படி. மற்றவர்களுக்குப் படிக்கலாமா என்று நீயே முடிவு செய்.

அந்தக் குழாயைத் தேடிப் போன, எங்களுக்குப் பின்னால் வந்த கப்பல் மாலையில் செய்தி அனுப்பியது. அது நீர்மூழ்கி இல்லை. அறுந்துபோன மீன்வலையின் கம்பு. தக்கை கட்டியிருந்ததால் நிமிர்ந்து மிதந்திருக்கிறது.
ரூபன்

*

போர்ட்ஸ்மத்,
9 டிசம்பர் 1918

அன்புள்ள அண்ணன் ரூபனுக்கு,

நாங்கள் மூவரும் காய்ச்சலுக்குத் தப்பி உடம்பளவில் சுகம். உன் இருமல் எப்படி இருக்கிறது?

சமையலறையில் இருவரையும் உட்காரவைத்து உன் கடிதத்தைப் படித்தேன். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தவேண்டியதாயிற்று. முடித்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரியாத்தான் செஞ்சான். அந்தக் கப்பல்ல எத்தனை பேர் இருந்திருப்பாங்க. ரூபன் சரியாத்தான் செஞ்சான்."

அம்மா எழுந்தாள். லென்னின் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். அதில் யாரும் சாப்பிடவில்லை, சுத்தமாகத்தான் இருந்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவித் துடைத்து மேல் அலமாரியில் வைத்தாள். அன்றிலிருந்து அவள் அப்பாவோடு பேசவில்லை. அப்பா சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் பேசவில்லை என்று நினைக்கிறேன். அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். பாதியில் எழுந்துபோகிறார்.

கடைசித் தாளை அவர்களுக்கு நான் படித்துக்காட்டவில்லை. அடுப்பில் போட்டுவிட்டேன். அப்பா தன் சட்டத்தை நம்பியே சாகட்டும். நான் நறுக்கித் திணித்ததும் அதே வலைத் தக்கைதான், ரூபன். அதை நினைக்காத நாள் இல்லை. இது உன்னோடும் என்னோடும் இருக்கட்டும்.

அம்மா உன்னை மன்னித்துவிட்டாள் என்று பொய் எழுதமாட்டேன். உன் பெயரை அவள் சொல்லவே இல்லை. ஆனால் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள். அளவு உன்னுடையது. நான் கேட்கவில்லை, நீயும் வந்து எதையும் கேட்காதே. போட்டுக்கொள்.

இந்த முறை விடுப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

வருவதற்கு முன் ஒன்று தெரிந்துகொள். துறைமுகத்துக்குப் போவதை அம்மா நிறுத்திவிட்டாள். நேற்று அவளும் நானும் சந்தைக்குப் போய்விட்டுக் கூடையோடு தெருமுனையில் நின்றோம். நல்ல மழை. டிராம் வந்தது. ஓட்டுநருக்கு அம்மாவைத் தெரியும், வேகத்தைக் குறைத்து அவள் முகத்தைப் பார்த்தார். அம்மா இரண்டு கையையும் மேலங்கிக்குள் இழுத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கை நீட்ட நானும் துணியவில்லை. வண்டி போய்விட்டது. நனைந்துகொண்டே நடந்தோம்.

வரும் நாளை எழுது. ரயில் நிலையத்துக்கு நான் வருகிறேன். வாசலில் டிராம் நின்றிருக்கும், ஏறாதே. நடந்தே வீட்டுக்குப் போகலாம்.

உன் தங்கை,
வின்னி